நீண்ட தூர விமானத்தை எடைபோடுவது எப்படி? எகானமி முதல் ஃபர்ஸ்ட் கிளாஸ் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சொந்தத்தில் யாராவது அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ கிளம்பினால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும். நான் டிராவல் ஏஜென்ட் இல்லை. வேலை விஷயமாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் பறந்த அனுபவமும், டிக்கெட் போடுவதற்கு முன் இருக்கை வரைபடத்தை உற்று உற்றுப் பார்க்கும் பழக்கமும்தான் என் தகுதி. கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதேதான். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டிக் கை வலித்ததால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் பயணங்களுக்கு மட்டும்தான் இது. சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம், எப்படி உட்கார்ந்தாலும் ஓடிவிடும்.

எந்த ஏர்லைன்ஸ் நல்லது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் இரண்டு வேறு நிறுவனங்கள் போல இருக்கும். எமிரேட்ஸின் ஏ380 என்ற ஏர்பஸ் மாடலில் எகானமியில் போய் வந்தவர் ஆகா ஓகோ என்பார். அதே எமிரேட்ஸின் 777 என்ற போயிங் மாடலில் நடு இருக்கையில் 14 மணி நேரம் உட்கார்ந்தவர் முகத்தைச் சுளிப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஏர் இந்தியாவை டாடா குழுமம் 2022 ஜனவரியில் எடுத்துக்கொண்டது. 2024 ஜனவரியில் அவர்களுடைய முதல் ஏ350 ஓடத் தொடங்கியது. அந்த ஏ350-ல் போனவரும், அரசாங்க காலத்து இருக்கைகள் அப்படியே இருந்த 787-ல் போனவரும் உட்கார்ந்து பேசினால் சண்டைதான் வரும்.

அதனால் நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். எந்த விமானம், எந்த வகுப்பு, எந்தத் திசை என்று மூன்றையும் கேளுங்கள். திசை எதற்கு என்பதைச் சாப்பாட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

எகானமியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

போயிங் 777-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பு எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அகலம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் 777-300இஆர் விமானத்தில் 3-3-3 என்று 9 பேரை உட்கார வைக்கிறது. எமிரேட்ஸ், ஏர் பிரான்ஸ் போன்றவை 3-4-3 என்று 10 பேரை உட்கார வைக்கின்றன. அந்தப் பத்தாவது ஆளுக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடைவழியிலிருந்தும் எடுத்த இடம். பத்துப் பேர் வரிசையில் இருக்கை அகலம் 17 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒன்பது பேர் என்றால் 18-ஐத் தாண்டும். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். தள்ளுவண்டி வரும்போது நடைவழி ஓரத்தில் தூங்குகிறவரின் முழங்கையைக் கவனியுங்கள். பத்துப் பேர் வரிசையில் அந்த வண்டி ஒவ்வொரு முறையும் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகும்.

787 ட்ரீம்லைனரில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். அதிலும் 3-3-3தான், ஒன்பது பேர்தான். ஆனால் அது 777-ஐவிடக் குறுகலான விமானம். ஒன்பது பேரை வைத்தால் மறுபடியும் 17 அங்குலம் சொச்சம்தான். ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேசப் பயணங்களில் 787-ல் 2-4-2 என்று எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டது. எகானமியில் இதைவிடத் தாராளமான 787 எனக்குத் தெரிந்து இல்லை. ஏ350-ல் 3-3-3 இருந்தால் சுமார் 18 அங்குலம், நிம்மதி. ஏ330 பழசாகத் தெரிந்தாலும் 2-4-2 என்பதால் கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கொழும்பிலிருந்து லண்டன் போகும் ஸ்ரீலங்கனின் ஏ330-ல் ஜன்னலோர ஜோடி இருக்கை கிடைத்தால், கழிவறைக்குப் போக முன்பின் தெரியாத ஆளை எழுப்ப வேண்டியதில்லை. வயதான தம்பதிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? டிக்கெட் தளத்தில் விமான எண்ணுக்குப் பக்கத்திலேயே மாடல் போட்டிருக்கும். ஏரோலோபா என்ற தளத்தில் அந்த நிறுவனத்தின் அந்த மாடலுக்கான இருக்கை வரைபடம், ஜன்னல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது வரை இருக்கும். டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்று விமானத்தை இன்னொன்று ஓட்டுவதும் உண்டு. ஓட்டுவது யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வரைபடம் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவருக்குத்தான்.

கால் நீட்ட இடம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

எல்லாரும் சொல்லும் எண் ‘பிட்ச்’. உங்கள் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. எகானமியில் வழக்கமாக 31, 32 அங்குலம். இதில் இருக்கையின் தடிமனும் சேர்த்தி. மெலிந்த முதுகுள்ள புது இருக்கையில் 31 அங்குலம் போதும் போல இருக்கும். பருத்த பழைய இருக்கையில் 32 கூட இடிக்கும். மெலிந்த இருக்கையில் முழங்கால் தப்பித்துவிடும், எட்டாவது மணி நேரத்தில் இடுப்பு கணக்குக் கேட்கும்.

அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம். ஆனால் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் இருக்கை கொஞ்சம் குறுகும். சுவருக்கு நேர் பின் வரிசையில் தொட்டில் மாட்டுவார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். குழந்தை இல்லாதவர்கள் அந்த வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, பல நிறுவனங்களில் 10, 11 கிலோ. பாட்டி வீட்டு நெய்யில் வளர்ந்த குழந்தையை வீட்டிலேயே தூக்கிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

மாடல் பார்க்கச் சொல்கிறீர்கள். இருக்கையைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது?

காற்று இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. பழைய மாடல்களில் அதிகபட்சம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமாக வைப்பார்கள். அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவே ஓரிடத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். 787, ஏ350 இரண்டும் பெரும்பாலும் உலோகத்துக்குப் பதில் கார்பன் இழை கலந்த கூட்டுப்பொருளால் ஆனவை என்பதால் அதை 6,000 அடி அளவுக்கு இறக்க முடிகிறது. அது குன்னூர் உயரம். ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். இறங்கும்போது தலை கனப்பதும் தொண்டை காய்வதும் இவற்றில் எனக்குக் குறைவு. ஏ380, பழைய 777 போன்றவற்றில் இடம் இருக்கும். ஏ350-ல் மூச்சு லேசாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் ஏ350 இருக்கும் விமானத்தைத்தான் தேடுவேன். டாக்டர் கருத்து வேறாக இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

உலகின் சிறந்த விமான நிறுவனம் என்று விருது தருகிறார்களே, அதை நம்பலாமா?

ஸ்கைட்ராக்ஸ் விருதைச் சொல்கிறீர்கள் என்றால், அது பயணிகள் வாக்கில் நடப்பது. 2023-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2024-ல் கத்தார் ஏர்வேஸ் முதலிடம். இரண்டும் நல்ல நிறுவனங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டம் மொத்த நிறுவனத்துக்கும் ஒன்றாகக் கொடுப்பது. முன்னால் படுத்துக்கொண்டு போனவரும் பின்னால் 42-ஆம் வரிசை நடு இருக்கையில் போனவரும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் காட்டுவது எப்போதும் முன்பக்கத்தை. யூடியூபில் மதிப்புரை போடுகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்கிறார்கள், சிலர் நிறுவனம் கொடுத்த டிக்கெட்டில். உங்கள் வகுப்பிலேயே, உங்கள் வழித்தடத்திலேயே, கடந்த ஆறு மாதத்துக்குள் போனவர் எழுதிய நாலு வரி, விருதைவிட எனக்கு உபயோகம்.

சாப்பாட்டை வைத்து மதிப்பிடலாமா?

மதிப்பிடலாம், ஆனால் யாரை மதிப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சமையல் கூடத்தில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, ஏற்றிவிடுவார்கள். மேலே அடுப்பில் சுட வைப்பதுதான் நடக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்தில் சாம்பார் சாதம் பிரமாதம் என்று ஒருவர் ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்தால், அவர் புகழ்வது சென்னையில் கரண்டி பிடித்தவரை. திரும்பி வரும்போது ஏற்றுவது இடைநிறுத்த ஊரின் சமையல் கூடம். முன்பே திசை என்று சொன்னது இதற்காகத்தான். போகும்போது பத்துக்கு எட்டு மார்க் போட்ட சாப்பாடு வரும்போது மூன்றுக்கு இறங்கும்.

மறுபடி சூடாக்குவதைத் தாங்கும் பண்டம் எது, தாங்காதது எது என்று நம் சமையலறையிலேயே தெரியும். பொங்கல், உப்புமா, குழம்பு, கூட்டு எல்லாம் தாக்குப்பிடிக்கும். இட்லி தாளுக்குள் ஆவியிலேயே சமாளித்துக்கொள்ளும். சப்பாத்தி தோலாகிவிடும். தோசையை நினைக்கவே வேண்டாம். மேலே காற்று வறட்சியிலும் இரைச்சலிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கும். புளிப்பும் தக்காளி போன்ற சாறுள்ள சுவையும் அவ்வளவாக மங்குவதில்லை. லுஃப்தான்சாவில் தக்காளிச் சாறு ஏன் இவ்வளவு போகிறது என்று ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தை வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். ரசம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று வந்தால் என் ஓட்டு அதற்கு.

சைவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. சிறப்பு உணவுப் பட்டியலில் ‘இந்து மீல்’ என்று ஒன்று இருக்கும், அதன் குறியீடு எச்.என்.எம்.எல். அது சைவம் அல்ல! மாட்டிறைச்சி இல்லாத அசைவம். சைவர்கள் கேட்க வேண்டியது ஏ.வி.எம்.எல், அதாவது ஆசிய சைவ உணவு. வி.எல்.எம்.எல் என்றால் முட்டை, பால் சேர்த்த மேற்கத்திய சைவம், வி.ஜி.எம்.எல் என்றால் பால்கூட இல்லாதது, வி.ஜே.எம்.எல் ஜைன உணவு. கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்துவிட வேண்டும். எங்கள் பெரியம்மா அந்த உணவின் பெயரைப் பார்த்துப் பக்தியோடு இந்து மீல் கேட்டு, தாளைப் பிரித்தால் உள்ளே கோழி. பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிடப் போகிறார் என்பது போல அப்படியே மூடிவைத்துவிட்டு, பன்னும் வெண்ணெயும் கைப்பையிலிருந்த முறுக்குமாக ஃப்ராங்க்ஃபர்ட் வரை போய்ச் சேர்ந்தார். இதில் விமான நிறுவனத்தின் தப்பு எதுவும் இல்லை.

பணிப்பெண்கள் சிரித்த முகமாக இருந்தால் நல்ல சேவை என்று அர்த்தமா?

ஏறும்போது எல்லாரும் சிரிப்பார்கள். நான் பார்ப்பது ஒன்பதாவது மணி நேரத்துக் கழிவறையை.

விளக்கு அணைத்து எல்லாரும் தூங்குகிற நேரம். முதல் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும், அடுத்ததற்கு இன்னும் இருக்கிறது. அப்போது எழுந்து பின்பக்கம் போங்கள். நல்ல நிறுவனத்தில் தரை உலர்ந்திருக்கும், தாள் உருளை இருக்கும், கண்ணாடி துடைத்திருக்கும். யாரோ அரை மணிக்கு ஒருமுறை உள்ளே போய் வருகிறார்கள் என்று தெரியும். மோசமானதில் கதவைத் திறந்ததுமே செருப்பு நனையும், குப்பைத் தொட்டி வாய் பிதுங்கி நிற்கும், பணியாளர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். அதே நேரத்தில் இன்னொன்றையும் பாருங்கள். இருட்டில் யாராவது தட்டில் தண்ணீர்க் கோப்பைகளோடு நடந்து வருகிறார்களா? கேட்காமல் தண்ணீர் வருகிறதா, மணி அடித்தால் வருகிறதா, மணி அடித்தும் வரவில்லையா? எகானமியில் சேவை என்பதை அளக்க இந்த மூன்று படி போதும்.

பணியாளர்களையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. பாதுகாப்பு விதி கேட்பது 50 இருக்கைக்கு ஒருவர் என்ற குறைந்தபட்சத்தைத்தான். அதற்கு மேல் எத்தனை பேரை ஏற்றுவது என்பது நிறுவனத்தின் முடிவு.

பிரீமியம் எகானமிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர், இங்கிலாந்தின் வர்ஜின் அட்லாண்டிக் ஆகியவை ஆரம்பித்துவைத்த வகுப்பு இது. எமிரேட்ஸ் இதற்கு வந்தது 2021-ஐ ஒட்டித்தான். கத்தார் ஏர்வேஸில் இந்த வகுப்பே கிடையாது. ஆகவே ‘நல்ல நிறுவனம் என்றால் எல்லா வகுப்பும் இருக்கும்’ என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 18 மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறக்கும் ஏ350-ல் எகானமி என்பதே இல்லை; 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்வளவுதான் மொத்தம்.

இருக்கை நிஜமாகவே வேறாக இருக்க வேண்டும். பிட்ச் 38 அங்குலம், அகலம் 18.5 அல்லது 19, கால் தாங்கி, கெண்டைக்காலுக்கு ஒரு பலகை. எமிரேட்ஸ் 40 அங்குலம் கொடுக்கிறது. சில நிறுவனங்கள் ‘எகானமி பிளஸ்’, ‘கம்ஃபர்ட்’ மாதிரிப் பெயர்களில் விற்பது அதே எகானமி இருக்கைதான், காலுக்கு மட்டும் மூன்று நாலு அங்குலம் கூடுதல். பெயரில் ஏமாறாமல் அகலத்தைப் பாருங்கள். அகலம் மாறவில்லை என்றால் வகுப்பு மாறவில்லை.

விலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. கூடுதல் தொகையைப் பறக்கும் மணி நேரத்தால் வகுங்கள். 40,000 ரூபாய் கூடுதல், 16 மணி நேரம் பறக்கிறீர்கள் என்றால் மணிக்கு 2,500. அந்த ஒரு மணி நேர சௌகரியத்தை அந்த விலைக்கு வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகல் பயணத்துக்கு நான் வாங்க மாட்டேன். ராத்திரிப் பயணம், மறுநாள் காலை மீட்டிங் என்றால் வாங்குவேன்.

பிசினஸ் கிளாஸ் என்றால் எல்லாம் படுக்கைதானே, அதில் என்ன வித்தியாசம்?

ஏகப்பட்ட வித்தியாசம். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, பணமும் இங்கேதான் வீணாகிறது.

பிசினஸில் முழுக்கச் சமதளமாகப் படுக்கும் இருக்கையை 2000-ல் முதலில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ். அப்போது அது பெரிய புரட்சி. ஆனால் 777-ல் அது 2-4-2 என்று எட்டுப் பேர் வரிசை. ஒருவர் முன்னோக்கி, பக்கத்தில் இருப்பவர் பின்னோக்கி. ஜன்னலோரக்காரர் எழுந்தால் அடுத்தவர் காலைத் தாண்டிக் குதிக்க வேண்டும். கதவு வைத்த 1-2-1 அறைகளுக்கு அந்த நிறுவனம் 2019-லிருந்துதான் மாறத் தொடங்கியது. எமிரேட்ஸின் 777-களில் பல வருடம் பிசினஸ் 2-3-2. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு நடு இருக்கை! 2024-லிருந்து புதுப்பித்து வரும் 777-களில் 1-2-1 ஆக்கியிருக்கிறார்கள். லுஃப்தான்சாவின் பழைய பிசினஸ் 2-2-2; இருவரின் கால்களும் நடுவில் ஒரே இடத்தை நோக்கி நீளும். மனைவியோடு போனால் பரவாயில்லை, முன்பின் தெரியாத ஒருவரின் பாதத்துக்குப் பக்கத்தில் பாதம் வைத்துத் தூங்குவது சங்கடம். கத்தார் 2017-ல் கொண்டுவந்த கியூசூட் என்ற பிசினஸ் இருக்கை கதவோடு வந்தது, நடுவில் நாலு பேர் சேர்ந்து உட்காரும் ஏற்பாட்டோடு. ஆனால் கத்தாரின் எல்லா விமானத்திலும் அது இல்லை, 787-8-ல் கிடையாது. ‘கத்தார் பிசினஸ் எடுத்தேன், வீடியோவில் பார்த்த கதவைக் காணோம்’ என்று என் சித்தப்பா பையன் ஏமாந்தது இப்படித்தான். அவன் மாடலைப் பார்க்கவில்லை.

ஆகவே இங்கேயும் எண்ணுவதுதான் முதல் வேலை. 1-2-1 என்றால் எல்லாருக்கும் நடைவழி உண்டு, யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். அதற்கு அப்புறம் பாதம் போகும் பொந்தைப் பாருங்கள். முன் இருக்கையின் பக்கவாட்டு மேசைக்கு அடியில் கால் நுழையும் குகை மாதிரி ஒரு துளை இருக்கும். சிலவற்றில் அது ஷூ பெட்டி அளவுதான். புரண்டு படுத்தால் முழங்கால் இடிக்கும். சுவரை ஒட்டிய முதல் வரிசையில் இந்தப் பொந்து பல விமானங்களில் பெரிதாக இருக்கும். விளம்பரப் படத்தில் ஷாம்பெயின் கோப்பையைக் காட்டுவார்கள், இதைக் காட்ட மாட்டார்கள்.

சென்னையிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கு அப்புறம், விடிவதற்கு முன் கிளம்புபவை. அந்த நேரத்தில் ஐந்து வகைச் சாப்பாடு எதற்கு? படுக்கை விரிப்பு கொடுக்கிறார்களா, விளக்கைச் சீக்கிரம் அணைக்கிறார்களா, சாப்பாட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமா என்பதுதான் அப்போது கேள்வி. ஐரோப்பாவுக்குள் இணைப்பு விமானம் இருந்தால், அந்தச் சின்னப் பறப்பில் பிசினஸ் என்பது எகானமி இருக்கைதான், நடு இருக்கையைக் காலியாக விட்டிருப்பார்கள். அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

ஒருமுறை அடிக்கடி பறந்ததற்குக் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்து அம்மாவை பிசினஸில் அனுப்பினேன். கதவு வைத்த அறை. போய் இறங்கி போன் செய்தார். “படுக்கை எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. பேசத்தான் பக்கத்துல ஒரு ஆளும் இல்ல. கதவைத் தொறந்து வெச்சேன், அந்தப் பொண்ணு வந்து வந்து மூடிட்டுப் போயிடுச்சு.”

ஃபர்ஸ்ட் கிளாஸ்?

சொந்தக் காசில் போனதில்லை, அதனால் சுருக்கமாக. எமிரேட்ஸ் ஏ380-ல் குளிக்க ஷவர் உண்டு. சிங்கப்பூர் ஏ380-ல் இப்போது மொத்தம் 6 அறைதான், தனிக் கட்டிலோடு. பல நிறுவனங்கள் இந்த வகுப்பையே எடுத்துவிட்டன, ஏனென்றால் கதவு வைத்த பிசினஸ் அதன் வேலையைச் செய்கிறது. ஒரு நிறுவனத்தின் ஃபர்ஸ்ட் கிளாஸைப் பார்த்து அதன் எகானமியை எடைபோடுவது, கல்யாண மண்டபத்து வாசல் வளைவைப் பார்த்துப் பந்தியை எடைபோடுவது போல.

பாதுகாப்பு?

நீண்ட தூரம் பறக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இடையே பயணி கண்டுபிடிக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் வானில் பறக்கத் தடைசெய்த நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது; அதில் பெயர் இல்லை என்றால் நான் இருக்கை பார்க்கப் போய்விடுவேன்.

அம்மா அப்பா தனியாகப் போகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

இருக்கையைவிடத் தரையைப் பாருங்கள். மாறும் விமான நிலையத்தில் எவ்வளவு நேரம், அங்கே சக்கர நாற்காலி உதவி எப்படி என்பதுதான் முக்கியம். நம் ஊர்ப் பெற்றோர் பலர் சக்கர நாற்காலி கேட்பது கால் வலிக்காக அல்ல, வழி கேட்கப் பாஷை இல்லாததால். நிஜமாகவே நடக்க முடியாதவர்களுக்கு அதனால் தாமதமாகிறது என்பது எனக்கும் உறுத்தும்தான். ஆனால் 70 வயதில் ஆங்கிலம் தெரியாமல் மூன்று முனையங்களுக்கு நடுவே ரயில் மாறச் சொன்னால் என்ன செய்வார்கள்?

ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், என் அம்மாவை அதன் மைய விமான நிலையத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டது. ஆள் வர இரண்டே முக்கால் மணி நேரம். தண்ணீர் இல்லை, கழிவறைக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் எகானமி இருக்கை நான் உட்கார்ந்ததிலேயே நல்ல ரகம். அதற்கு அப்புறம் அம்மாவுக்கு அதில் டிக்கெட் போட்டதில்லை. மாறும் இடத்தில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாகவும், ஐந்து மணி நேரத்துக்கு அதிகமாகவும் இல்லாத இணைப்பைத் தேடுங்கள். இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால், முதலாவது தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

தாமதம், ரத்து, பெட்டி காணாமல் போவது. இதில் நிறுவனங்களை எப்படி ஒப்பிடுவது?

நல்ல நிறுவனம் கேட்காமல் ஹோட்டல் சீட்டு கொடுக்கும், மற்றது வரிசையில் நிற்கவைக்கும். இதைத் தாண்டி சட்டம் யாரை எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் டிக்கெட் வாங்கும்போதே உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள பயணத்தில் நிறுவனத்தின் தவறால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ. இது ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பிய நிறுவனத்துக்கு மட்டும். ஆக, சென்னையிலிருந்து ஜெர்மன் நிறுவனத்தில் ஃப்ராங்க்ஃபர்ட் போனால் உண்டு. வளைகுடா நிறுவனத்தில் பாரிஸ் போனால் இல்லை. அதே வளைகுடா நிறுவனத்தில் பாரிஸிலிருந்து திரும்பினால் உண்டு. பிரிட்டனுக்கும் இதே மாதிரி தனிச் சட்டம் இருக்கிறது. புயல், பனி மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் பணம் கிடைக்காது. சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்தாக வேண்டும்.

பெட்டி உடைந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இது மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவும் அதில் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் புகார்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் ஊறுகாய் பாட்டில் உடைந்ததைப் பார்த்துவிட்டுப் போன் செய்தால் வாதாட வேண்டியிருக்கும்.

எல்லாம் பார்த்து டிக்கெட் போட்டேன், கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டார்களே?

மாற்றுவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் இருக்கை வரைபடத்தைத் திரும்பப் பாருங்கள். வரிசை எண்ணிக்கை மாறியிருந்தால் விமானம் மாறிவிட்டது. உடனே போன் செய்தால் நல்ல இருக்கை மிச்சம் இருக்கும்போதே பிடிக்கலாம்.

வகுப்பையே இறக்கிவிட்டால் கதை வேறு. இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ 2023 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி, நீங்கள் கேட்காமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் சர்வதேசப் பயணத்தில் டிக்கெட் விலையில், வரி உட்பட, ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும்: 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. எனக்கு ஒருமுறை இது நடந்தது. வாசலில் நின்றவர் 100 டாலர் கூப்பன் ஒன்றை நீட்டி, “இதுதான் சார் எங்கள் பாலிசி” என்றார். வாங்கிக்கொள்ளவில்லை. பழைய போர்டிங் பாஸ், புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் அவர் மேசையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். ஏழு வாரம், பதினொரு மின்னஞ்சல். பணம் வந்துவிட்டது.